உடம்பு நன்றாக இருந்துவிட்ட நாள்

அன்றைக்குக் காலையில் கட்டிலை விட்டு எழுந்து நானே குளியலறை வரைக்கும் நடந்து போய்விட்டேன். பாதி வழியில்தான் எனக்கே உறைத்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வலி எங்கே? முட்டியை மடக்கிப் பார்த்தேன், மடங்கியது. தோளைத் தூக்கிப் பார்த்தேன், அது பாட்டுக்கு ஏறியது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

நாலு வருஷமாக என்னோடு குடித்தனம் நடத்துகிற சனியன் அது. விடிந்து வெகு நேரம் வரைக்கும் கட்டிலிலிருந்து இறங்க விடாது. இறங்கினாலும் ஆள் பிடிக்காமல் நிற்க விடாது. அப்படிப்பட்டது, வேண்டும் என்று காத்திருந்த ஒரே ஒரு நாளில் சொல்லாமல் கொள்ளாமல் எங்கேயோ ஊர் சுற்றப் போய்விட்டது. அன்று பத்து மணிக்கு ஜோகூர் பாருவில் டாக்டர்கள் முன்னால் போய் உட்கார்ந்து, இனி என்னால் எந்த வேலையும் செய்ய முடியாது என்று நான் காட்ட வேண்டும்.

எனக்கு முடக்குவாதம். பெயரைக் கேட்டால் கிழவிகளுக்கு வருகிற நோய் மாதிரி இருக்கும். எனக்கு வந்தபோது வயது நாற்பத்து மூன்று. பாசிர் கூடாங்கில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் பூதக்கண்ணாடிக்கு அடியில் அரிசி அளவு சாமான்களைப் பார்த்துப் பார்த்து எடுத்து வைக்கிற வேலை. விரல்கள் கோணத் தொடங்கியதும் முதலில் வேறு பகுதிக்கு மாற்றினார்கள், அப்புறம் லீவு கொடுத்தார்கள், கடைசியில் வாழ்த்துச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். இத்தனை வருஷம் சம்பளத்தில் சொக்சோ என்கிற தொழிலாளர் காப்புறுதிக்குப் பிடித்தார்களே, வேலைக்குப் போக முடியாதபடி உடம்பு கெட்டுப்போனால் அதிலிருந்து பென்ஷன் உண்டு. ஆனால் உடம்பு கெட்டுவிட்டது என்று நான் சொன்னால் போதாது. டாக்டர்கள் கூடி உட்கார்ந்து பார்த்து அவர்கள் சொல்ல வேண்டும். அதைத்தான் எங்கள் பக்கம் 'போர்ட்' என்பார்கள்.

இது எனக்கு இரண்டாவது போர்ட். முதலாவதில் தோற்றதற்கு வேறு யாரையும் நான் குறை சொல்ல மாட்டேன். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

என் அப்பா உலு திராம் பக்கம் ஒரு ரப்பர் எஸ்டேட்டில் பால் மரம் வெட்டியவர். விடியற்காலைப் பெரட்டில் கணக்கு எழுதுகிற கிராணி ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் போடும்போது, காய்ச்சலில் உடம்பு கொதித்தாலும் எங்கள் ஆட்கள் நெஞ்சை நிமிர்த்தித்தான் நிற்பார்கள். சோர்ந்து நின்றால் அன்றைக்குப் பெயர் விழாது, கூலியும் இல்லை. உத்தியோகக்காரர் முன்னால் நோவைக் காட்டாதே என்பது எங்களுக்குத் தாய்ப்பாலோடு வந்த பாடம். அதனால் போன வருஷம் முதல் போர்டுக்குப் போகும்போது, ஆபீஸுக்கு மரியாதை என்று நல்ல சேலை உடுத்தி, தலைக்குப் பூ வைத்து, கைக்கு வளையல் போட்டு, நடக்கத் தெம்பு வேண்டுமே என்று முந்தின நாளிலிருந்து ஸ்டீராய்டு மாத்திரையும் கூடுதலாக விழுங்கிவிட்டுப் போனேன். வீக்கம் பொறுக்க முடியாமல் போனால் மட்டும் போடு என்று ஆஸ்பத்திரியில் தந்த மாத்திரை. சேலை கட்டிவிட்டது, ஊக்கு குத்தியது, தலை பின்னியது எல்லாம் என் வீட்டுக்காரர் அர்ச்சுனன். அது டாக்டர்களுக்குத் தெரியுமா?

உள்ளே போனால் நடு நாற்காலியில் ஒரு தமிழம்மா. டாக்டர் மீனலோசனி. பேச்சிலேயே தெரிந்தது, யாழ்ப்பாணத்துக் குடும்பம். அந்த எஸ்டேட்டுக் கிராணியும் யாழ்ப்பாணத்துக்காரர்தான். அவ்வளவுதான், எனக்குள்ளே பெரட்டு மணி அடித்துவிட்டது. மலாய்க்காரரோ சீனரோ கேட்டிருந்தால் வலிக்கிறது என்று சொல்லியிருப்பேன். இந்தம்மா அழகான தமிழில், வீட்டு வேலையெல்லாம் எப்படிச் செய்கிறீர்கள் என்று அன்பாகக் கேட்டதும், "பரவால்ல டாக்டர், சமாளிச்சுக்குவேன்," என்று பல்லைக் காட்டினேன். அவர் மறுபடியும் கேட்டார். நான் மறுபடியும் சமாளித்தேன். இரண்டு மாதத்தில் பதில் வந்தது, வேலை செய்யும் தகுதி இருக்கிறதென்று. அவர் என்ன செய்வார் பாவம், மாப்பிள்ளை வீட்டார் பார்க்க வந்தபோது பெண் நிற்பது மாதிரி நான் நின்றேன்.

அந்தப் பதில் வந்ததோடு முடிந்திருந்தால் அரை வயிற்றுக் கஞ்சியோடு இருந்திருப்போம். என் மகள் ஷர்மினி அதைக் கேள்விப்பட்டாள். அவள் கடல் தாண்டி சபா மாநிலத்துப் பல்கலைக்கழகத்தில் இரண்டாவது வருஷம், கடலில் வாழும் உயிர்களைப் பற்றிப் படிக்கிறாள். எங்கள் மாசாய் பிளாட்டில் அந்தப் படிப்பின் பெயரைச் சொன்னால், மீன் மார்க்கெட்டில் வேலையா என்று கேட்பார்கள். அவளுக்கு அதுதான் உயிர். போனில் ஒரே வார்த்தை சொன்னாள். அப்பீலிலும் பென்ஷன் கிடைக்காவிட்டால் படிப்பை நிறுத்திவிட்டு சிங்கப்பூரில் வேலைக்குப் போய்விடுவேன், அப்பா ஒருவர் சம்பளத்தில் மூன்று பேர் எப்படி என்றாள். சொன்னால் செய்வாள். பிடிவாதத்தில் என்னை உரித்து வைத்திருக்கிறாள். அதனால் எனக்கு அந்த போர்டு பணத்துக்கான போர்டே இல்லை. அவள் படிப்பா சிங்கப்பூர் வேலையா என்று முடிவு செய்கிற இடம்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. என் உடம்பு எவ்வளவு கெட்டிருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. ஏதோ கை கால் வலி, பாரமான வேலை செய்ய முடியாது, அவ்வளவுதான் அவள் அறிந்தது. அவள் வீட்டுக்கு வருகிற வாரங்களில் எல்லாம் அந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு நடமாடுவேன். தெரிந்தால் அவள் விமானம் ஏற மாட்டாள் என்று எனக்குத் தெரியும். மகள் வந்தால்தான் உனக்குத் தீபாவளி என்று அர்ச்சுனன் கேலி செய்வார். அப்புறம் அவள் போன பிறகு வருகிற தீபாவளியை அவர்தான் பார்ப்பார்.

இந்த முறை போர்டு முடிந்த பிறகு வா என்று சொல்லியிருந்தேன். அவள் எனக்குத் துணையாக இருக்க வேண்டும் என்று டிக்கெட்டை மாற்றி முந்தின வாரமே வந்து நின்றாள். டாக்டர்களுக்கு நான் நோயாளியாக இருக்க வேண்டும், மகளுக்கு நோயில்லாதவளாக இருக்க வேண்டும். இருப்பதோ ஒரே உடம்பு. அவள் வந்த அன்று மாத்திரை போட்டேன். போர்டுக்கு மூன்று நாள் இருக்கும்போது நிறுத்தினேன். அதற்குள் வலி திரும்பிவிடும், எப்படியாவது அவளுக்குத் தெரியாமல் பல்லைக் கடித்துக்கொள்ளலாம் என்பது என் திட்டம். முந்தின இரவுகூட முனகிக்கொண்டுதான் படுத்தேன். விடிந்தால் இப்படி.

அர்ச்சுனன் தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறார். காலை ஷிப்ட் ஆட்களை இறக்கிவிட்டு வந்து என்னை அழைத்துப் போவதாகத்தான் பேச்சு. மற்றொரு டிரைவர் வரவில்லை என்று முதலாளி போன் செய்துவிட்டார். சமையலறையில் நான் நிமிர்ந்து நிற்பதைப் பார்த்து அவர் முகம் போன போக்கைச் சொல்ல முடியாது. மனைவி நன்றாக இருப்பதைப் பார்த்துக் கலங்கிப்போன புருஷனை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கீழ்வீட்டு வெள்ளையம்மா அக்காவிடம் கைத்தடி இருக்கிறது, வாங்கி வரட்டுமா என்று குசுகுசுத்தார். அந்த அக்கா ஏற்கெனவே எனக்குப் பாடம் நடத்தியிருந்தது. தலை வாராதே, பொட்டு வைக்காதே, கேட்ட கேள்விக்கு உடனே பதில் சொல்லாதே, நாற்காலியில் உட்காரும்போது 'அம்மா' என்று ஒரு சத்தம் விடு என்று. அந்த அக்காவுக்கு என்ன, சொல்லிவிட்டுப் போய்விடும். மகள் பக்கத்தில் இருக்கும்போது நான் தடியோடு எப்படி நடப்பேன்? வேண்டாம் என்றேன்.

"அப்ப என்ன புஷ்பா செய்யப்போற?" என்றார்.

தெரியவில்லை என்றேன். அவர் பஸ் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டே நின்றார். போக மனமில்லை, நிற்கவும் வழியில்லை. ஷர்மினி எழுந்து வந்ததும் நாங்கள் இருவரும் வானிலையைப் பற்றிப் பேசினோம்.

அவள்தான் காரை ஓட்டினாள். வழியெல்லாம் எனக்கு இருப்பே கொள்ளவில்லை. சீட்டை முன்னால் தள்ளினேன், பின்னால் தள்ளினேன், ஜன்னலை இறக்கினேன், ஏற்றினேன். பாசிர் கூடாங் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகள் எங்களைத் தாண்டும்போதெல்லாம் அவள் கொஞ்சம் பயந்து ஒதுங்கினாள். ஏன்மா இப்படிப் பறக்கிறீங்க, உண்மையைச் சொன்னா போதும், டாக்டருங்க புரிஞ்சுக்குவாங்க என்று எனக்குத் தைரியம் சொன்னாள். உண்மையைச் சொன்னால் போதுமாம். எந்த உண்மையை?

ஆபீஸில் நம்பர் கொடுத்து உட்கார வைத்தார்கள். உட்கார முடியவில்லை. மற்ற நாளில் எழுந்து நிற்க முடியாதவளுக்கு அன்றைக்கு உட்கார முடியவில்லை. கழிப்பறைக்குப் போகிறேன் என்று போய், குழாயைத் திறந்து இரண்டு கைகளையும் தண்ணீரில் நீட்டிக்கொண்டு நின்றேன். குளிர் பட்டால் எனக்கு வீங்கும். நிறைய நேரம் நின்றேன். கைதான் சுத்தமானது. கண்ணாடியில் பார்த்தால் ஜம்மென்று இருக்கிறேன். மாரியாத்தாவைக் கூப்பிட்டேன். நாலு வருஷமாக வலியை எடுத்துக்கொள் என்று அவளைக் கெஞ்சியவள், ஒரு மணி நேரத்துக்காவது திருப்பிக் கொடு தாயே, வட்டியோடு வாங்கிக்கொள்கிறேன் என்று வேண்டினேன். கேட்கக் கூடாததைக் கேட்கிறோம் என்று உள்ளுக்குள் பயமாகவும் இருந்தது. அவள் எதற்கும் அசையவில்லை.

நம்பர் வந்தது. எக்ஸ்ரே பைகளை என்னால் தூக்க முடியாதென்று ஷர்மினியும் உள்ளே வந்தாள். நீ வெளியே இரு என்று சொல்லத்தான் நினைத்தேன். அதற்குள் கதவைத் திறந்த நர்ஸ், மகளா, வா வா என்று அவளையும் சேர்த்து உட்கார வைத்துவிட்டார்.

மூன்று பேர். நடுவில் தலை நரைத்த மலாய் டாக்டர், ஒரு பக்கம் சீன லேடி டாக்டர், இன்னொரு பக்கம் எழுதிக்கொண்டே இருந்த இளம் டாக்டர். முதல் தடவை மாதிரி தமிழ் முகம் இல்லை என்று ஒரு நிம்மதி. பெரியவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். இரத்தப் பரிசோதனையைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். படத்தில் இருக்கிற எலும்பும் எதிரே உட்கார்ந்திருக்கிற ஆளும் ஒன்றுதானா என்று அவருக்குச் சந்தேகம். எனக்கே சந்தேகம்தான்.

லேடி டாக்டர் என் கையைப் பிடித்து, அழுத்து என்றார். அழுத்தினேன். நடிக்கலாம் என்று மனசு சொன்னது. வெள்ளையம்மா அக்கா சொன்ன சத்தம் தொண்டை வரை வந்தது. பக்கத்தில் ஷர்மினி. வந்த சத்தத்தை விழுங்கிவிட்டேன். கையைத் தூக்கச் சொன்னார்கள், தூக்கினேன். பேனாவைப் பிடித்துப் பெயரை எழுதச் சொன்னார்கள், கோணல் மாணலாக ஆனாலும் எழுதினேன். இளம் டாக்டர் எழுதுவதை நிறுத்தாமல் எழுதினார். அவர் எழுத எழுத என் மகள் சிங்கப்பூர் பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்தாள்.

வீட்டில் எப்படி என்று பெரியவர் கேட்டார். என்னைக் கேட்கவில்லை, ஷர்மினியைக் கேட்டார்.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். நல்ல மலாயில் தெளிவாகப் பேசினாள். அம்மாவுக்கு வலி உண்டு, ஆனால் அம்மா ரொம்ப உறுதியானவர் என்றாள். சமையல் அம்மாதான், நேற்றுக்கூட எனக்குத் தோசை சுட்டுக் கொடுத்தார், என் துணியெல்லாம் துவைத்துக் காயப்போட்டார், யார் கையையும் எதிர்பார்க்க மாட்டார் என்றாள். அம்மாவை விட்டுக்கொடுக்காமல் பேசுகிறாளாம். சொல்லிவிட்டு என்னைப் பார்த்துப் பெருமையாகச் சிரிக்கவும் செய்தாள். பெரட்டு எங்கள் மூன்றாவது தலைமுறையிலும் நடந்துகொண்டிருக்கிறது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவள் எஸ்டேட்டைக் கண்ணால் பார்த்ததில்லை.

பெரியவர் தலையை ஆட்டினார். பைலை மூடக் கை வைத்தார்.

"டாக்டர், அவளுக்கு ஒன்னும் தெரியாது," என்றேன்.

மலாயில்தான் சொன்னேன். தொழிற்சாலையில் பழகிய மலாய் எனக்கு நன்றாக வரும். ஷர்மினி என் பக்கம் திரும்பினாள். அவளைப் பார்த்தால் பேச வராது என்று பெரியவரின் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு பேசினேன். தோசை சுட்டது என் வீட்டுக்காரர், இவள் குளித்துக்கொண்டிருந்தபோது. இவள் வெளியே வந்தபோது கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றதுதான் நான். துணி துவைப்பதும் அவர்தான், வேலை முடிந்து வந்து. குழாயை நான் திருகினால் திறக்காது. என் தலையை வாருவது, பல்லைத் துலக்கி விடுவது எல்லாம் அவர். இவள் வீட்டுக்கு வருகிற நாளில் மட்டும் நான் மாத்திரை போட்டுக்கொண்டு எழுந்து நடப்பேன், இந்த வாரமும் போட்டேன், அதனால்தான் இன்றைக்கு இப்படி உட்கார்ந்திருக்கிறேன், நாளைக்கு வந்து பாருங்கள் என்றேன். எத்தனை மாத்திரை என்று லேடி டாக்டர் கேட்டார். சொன்னேன். அப்படியெல்லாம் செய்யக் கூடாது, உயிருக்கே ஆபத்து என்று கடிந்துகொண்டார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். பெரியவரின் கை இன்னும் பைல் மேலேயே இருந்தது. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. மிச்சம் வைத்திருந்த ஒன்றையும் சொன்னேன்.

"கக்கூஸுக்குப் போனா எனக்குக் கால் கழுவி விடறதும் என் வீட்டுக்காரர்தான் டாக்டர். ரெண்டு வருஷமா. அவர் ஷிப்ட் முடிஞ்சு வர்ற வரைக்கும் நான் அடக்கிக்கிட்டு இருப்பேன். அதனாலேயே பகல்ல தண்ணி குடிக்கறதில்ல."

இளம் டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். பெற்ற தாயிடம்கூட நான் இதைச் சொல்லியிருக்க மாட்டேன். முன்பின் தெரியாத மூன்று பேரிடமும் மகளிடமும் ஒரே நேரத்தில் சொல்லியாயிற்று. பெரியவர் பைலைத் திறந்து ஏதோ எழுதினார், கையெழுத்துப் போட்டார், கடிதம் வரும் என்றார். நாங்கள் எழுந்தபோது லேடி டாக்டர் தானே எழுந்து வந்து எனக்குக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். போன தடவை யாரும் கதவைத் திறந்துவிடவில்லை. அதிலேயே எனக்குப் பதில் கிடைத்துவிட்டது.

கார் நிறுத்திய இடம் வரைக்கும் ஷர்மினி எனக்கு முன்னால் போனாள். எக்ஸ்ரே பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தாள். எனக்கோ கால் தரையில் படவில்லை. ஜெயித்துவிட்டோம், இனி சிங்கப்பூர் பேச்சு இல்லை, அவள் நிம்மதியாகப் படிக்கலாம் என்று என்னென்னவோ வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். கார் பக்கத்தில் வந்து அவள் நின்றாள்.

"நான் போகலம்மா. டிக்கெட்டை கேன்சல் பண்ணிடறேன்."

எங்கே போகவில்லை என்று முட்டாள் மாதிரி கேட்டேன்.

"சபாவுக்குத்தான். நீங்க தண்ணி கூட குடிக்காம உக்காந்திருக்கீங்க, நான் அங்க போய் மீனை எண்ணிக்கிட்டு இருக்கவா? அப்பா ஒருத்தரால எத்தனை நாளைக்கு முடியும்? பென்ஷன் வந்தா என்ன, அது வந்து உங்களுக்குக் கால் கழுவி விடுமா?"

அழவில்லை அவள். அழுதிருந்தால் தேற்றியிருக்கலாம். முடிவு செய்துவிட்ட முகம். அந்த முகத்தை நான் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பார்களே, அந்த உடைந்த தாழியை நடு வெயிலில் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். அவளைப் படிக்க அனுப்பத்தான் அந்த அறையில் மானத்தை விற்றேன். விற்ற மானத்தைக் கொண்டே அவளைக் கட்டிப்போட்டுவிட்டேன்.

என்ன செய்தேன் என்று எனக்கே தெரியாது. சிரித்தேன். வாய்விட்டுச் சிரித்தேன். அந்தப் பக்கம் போன ஒரு மலாய்க்காரி திரும்பிப் பார்த்தாள்.

"அலமாக், நீயும் நம்பிட்டியாடி?" என்றேன்.

அவள் புரியாமல் பார்த்தாள்.

"டாக்டருங்க நம்பணும்னு சொன்னதுலா அது. வெள்ளையம்மா அக்கா சொல்லிக் குடுத்துச்சு. அந்த மாதிரி ஏதாவது அசிங்கமா சொன்னாத்தான் பென்ஷன் குடுப்பாங்களாம். படிச்ச பொண்ணு, இதைப் போய் நம்பிக்கிட்டு நிக்கற."

அவள் நம்பவில்லை. அந்த மாத்திரை என்றாள். மாத்திரையும் கதைதான் என்றேன். தோசை என்றாள். தோசை நான் சுட்டதுதான், உனக்குத் தெரியாதா, நீ பார்த்தாயே என்றேன். அவள் இன்னும் என் விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வாய்ப்பேச்சு இவளிடம் செல்லாது என்று தெரிந்தது. கையை நீட்டினேன்.

"குடு சாவியை."

ரெண்டு வருஷமாக நான் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. அது அவளுக்குத் தெரியாது. அன்றைக்கு உடம்பு நன்றாக இருந்ததே, காலையிலிருந்து நான் திட்டித் தீர்த்த அந்த நல்ல உடம்பு, அதற்கு இப்படி ஒரு வேலை வரும் என்று நான் நினைக்கவே இல்லை. கதவைத் திறந்தேன், உட்கார்ந்தேன், பெல்ட்டை இழுத்து மாட்டினேன், பட்டனை அழுத்தினேன். ஆட்டோ கியர்தான், பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஆனாலும் மாசாய்க்குப் போகிற அந்த நெடுஞ்சாலையில் ஏறியபோது ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். இவள் பயந்து ஒதுங்கின அதே கண்டெய்னர் லாரிகளை நான் தாண்டினேன். ஒன்று, அப்புறம் இன்னொன்று. தேவையே இல்லை, ஆனாலும் தாண்டினேன். ஓரக்கண்ணால் அவளைப் பார்த்தேன். அவள் முகத்திலிருந்த அந்த முடிவு கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்துகொண்டிருந்தது. இத்தனை வருஷம் அவள் கண்ணால் பார்த்த அம்மாதானே அவளுக்கும் வேண்டும். நம்ப ஆசைப்படுகிறவளுக்கு நிறைய சாட்சி தேவையில்லை.

பெர்மாஸ் ஜெயா திருப்பம் தாண்டியதும் மணிக்கட்டில் சுருக்கென்றது. காலையில் குழாயடியில் நின்று கெஞ்சிக் கூப்பிட்டபோது வராதது, இப்போது வந்தது. மணிக்கட்டிலிருந்து முழங்கை, முழங்கையிலிருந்து தோள். பல்லைக் கடித்தால் தாடை தெரியும் என்று கடிக்காமல் இருந்தேன். ஏதாவது பேசியாக வேண்டும் என்று, வெயில் எப்படி அடிக்கிறது பார் என்றேன்.

"அப்ப டாக்டருங்ககிட்ட பொய் சொன்னீங்க," என்றாள்.

"ஆமா. எல்லாரும்தான் சொல்றாங்க."

"அப்பாவைப் பத்தி அப்படிச் சொல்லியா காசு வாங்கணும்?"

நான் சாலையைப் பார்த்து ஓட்டினேன்.

"நெஜமாவே முடியாம இருக்கறவங்களுக்குப் போக வேண்டிய காசும்மா அது. உங்களுக்கு வெட்கமா இல்ல?"

இல்லை என்றேன். அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவளை நான் அப்படித்தான் வளர்த்தேன், பொய் சொல்லாதே, அடுத்தவர் சொத்துக்கு ஆசைப்படாதே என்று. அந்த வளர்ப்பு சரியாகத்தான் நின்றிருக்கிறது. உண்மையாகச் சொல்கிறேன், அவ்வளவு வலியிலும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பாவம் பார்க்கிறவள்தான் நின்றுவிடுவாள். கோபமாக இருக்கிறவள் போய்விடுவாள்.

பிளாட்டுக்குக் கீழே ஒரு மரத்தடியில் கோணலாக நிறுத்தினேன். அவள் இறங்கிக் கதவை அறைந்து சாத்தினாள். பிறகு என்ன நினைத்தாளோ, குனிந்து ஜன்னல் வழியாகப் பார்த்தாள்.

"ஞாயித்துக்கிழமை ஃப்ளைட். ஏர்போர்ட்டுக்கு அப்பா மட்டும் வந்தா போதும்," என்றாள்.

சரி என்றேன். அவள் லிப்டுக்குள் போகும் வரை சிரித்த முகமாகவே உட்கார்ந்திருந்தேன். அப்புறம் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கப் பார்த்தேன். வரவில்லை. விரல்கள் பிடித்த பிடியில் அப்படியே பூட்டிக்கொண்டன. என் விரல்கள்தான், ஆனால் நான் சொல்வதைக் கேட்கவில்லை. காருக்குள் சூடு ஏறியது. எஞ்சினை நிறுத்தவும் கை இல்லை. அழவும் பயம், யாராவது பார்த்து அவளிடம் போய்ச் சொல்லிவிட்டால்.

அர்ச்சுனனின் பஸ் வந்து நின்றபோது எத்தனை நேரம் ஆகியிருந்தது என்று தெரியாது. நான் டிரைவர் சீட்டில் இருப்பதைப் பார்த்து ஓட்டமும் நடையுமாக வந்தார். கதவைத் திறந்து, கீழே குந்தி உட்கார்ந்து, என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார். ஒவ்வொன்றையும் பிரித்ததும் தன் உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டார்.

"என்ன சொன்னாங்க, புஷ்பா?" என்றார் கடைசியில்.

"போறாளாம்ங்க," என்றேன்.